ஆறாத கியர்பெட்டி

மேட்டுக் குடியிருப்பு ஆஸ்பத்திரி வண்டியின் கியர்பெட்டியின் உடைந்த அலுமினிய ஓட்டை அரைமில்லி என்பவள் தன் வீட்டில் வைத்துப் பற்றவைத்துப் பதினான்கு வருடம் ஆகிறது. அது இன்னும் ஆறவில்லை. கோடையிலும் முப்பத்தெட்டு டிகிரி, மூடுபனியிலும் முப்பத்தெட்டு டிகிரி. ஆஸ்பத்திரி நர்ஸம்மா முதல் வருடம் தினமும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார், இரண்டாம் வருடம் வாரம் ஒருமுறை பார்த்தார், அப்புறம் விட்டுவிட்டார். சுவர் சுவராகத்தான் இருக்கிறதா என்று யார் தினமும் எழுந்து போய்த் தொட்டுப் பார்க்கிறார்கள்?

அரைமில்லி என்பது ஊர் வைத்த பெயர். கதவு நிலை மாட்ட வந்த தச்சரை, அரை மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது என்று மூன்று தடவை கழற்றி மாட்டவைத்தவள். அவள் வருவதைத் தூரத்தில் கண்டாலே தையல்காரர் கடையின் பின்வாசல் வழியாகச் சாப்பிடப் போய்விடுவார். அவளுடைய அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர். அவருக்குப் பிறகு மெயின் ரோட்டுப் பட்டறையும் பெயர்ப்பலகையும் மூன்று புது மெஷின்களும் அண்ணனுக்குப் போயின; ஓரத்தில் துருவேறிக் கிடந்த பழைய லேத் ஒன்று, இரும்புக் கடைக்காரன்கூடத் திரும்பிப் பார்க்காதது, அவளுக்கு வந்தது. லேத்தை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதன் எடையைத் தாங்குகிற தரை படுக்கையறையில் மட்டும்தான் இருந்தது என்பதால் கட்டிலைக் கூடத்துக்குத் தள்ளினாள். நான்கு மாதம் அதன் இரும்புப் படுகையைக் கையால் சுரண்டிச் சுரண்டி மட்டம் செய்தாள். பிறகு ஒரு சின்ன மில்லிங் மெஷின் வந்தது, அலமாரி வெளியே போனது. ஆர்கான் வெல்டிங் செட் வந்தது, நிலைக்கண்ணாடி வெளியே போனது. கணவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். "மத்தவங்கெல்லாம் பொண்டாட்டியோட சண்டை போட்டா கூடத்துல படுப்பாங்க. நான் சமாதானமா இருக்கும்போதே படுக்கிறேன்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரிப்பார். ஆனால் யாராவது கேட்டால், மனைவி தண்ணீர் பம்புக்குக் கடைந்த பித்தளை வளையப் புஷ்ஷைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவார். அதை எப்போதும் பையிலேயே வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரி வண்டிக்கு அப்போதே இருபத்தாறு வயது. மேட்டுக்குப் போகும் பாதையில் இரண்டு பாறைகளுக்கு நடுவே நுழைந்து போகக்கூடிய ஒல்லி வண்டி அது ஒன்றுதான். அதை ஓட்டியவனுக்கு நிதானம் என்று பெயர். இருபது வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. பனி மூடிய ஒரு காலையில் குறுக்கே வந்த கன்றுக்குட்டிக்காக ஒடித்துத் திருப்பியதில் வண்டியின் அடிவயிறு பாறையில் மோதியது. கியர்பெட்டியின் அலுமினிய ஓடு, பேரிங் உட்காரும் குழிவரை ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் கண்டுவிட்டது. போல்ட் பிடிக்கும் காது ஒன்று உடைந்து எங்கோ பள்ளத்தில் விழுந்தது. அந்த மாடலைச் செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தது. புது வண்டி பத்து மாதத்தில் வரும், அதுவரை சமாளித்துக்கொள்ளுங்கள் என்று மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. மேட்டில் அப்போது பிள்ளைத்தாய்ச்சிகள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களிடம் யார் போய்ப் பத்து மாதம் சமாளிக்கச் சொல்வது?

நிதானம் அந்த ஓட்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு முதலில் அண்ணன் பட்டறைக்குத்தான் போனான். அண்ணன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். "இது அலுமினிய வார்ப்புப்பா. இருபத்தாறு வருஷம் எண்ணெய் குடிச்சிருக்கு. பத்தவச்சா இந்தப் பக்கம் ஒட்டும், அந்தப் பக்கம் விட்டுக்கும். இதுல கை வைக்கிறவன் மடையன்" என்றார். நிதானம் நகராமல் நின்றதால், "வேணும்னா என் தங்கச்சிகிட்ட கொண்டு போ. முடியாததுக்குன்னே பொறந்தவ அவதான்" என்று சேர்த்துக்கொண்டார். பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நிதானத்துக்குக் கேலி புரியாது. அதை விலாசம் என்று எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனான்.

அவள் சாக்கை அவிழ்த்து, ஓட்டை மடியில் வைத்துக்கொண்டு, விரிசல்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். "அண்ணன் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். நிதானம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். அவள் காதுமடல் சிவந்தது. "சரி, வச்சிட்டுப் போ தம்பி" என்றாள்.

முதல் நாள் முழுவதும் கழுவினாள். தின்னர் ஊற்றித் தேய்த்தாள், சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்தாள், சூடுகாட்டினாள். உலோகத்தின் நுண்துளைகளிலிருந்து பழைய எண்ணெய் வியர்வைபோலப் பூத்து வந்தது. துடைத்தாள், மறுபடி சூடுகாட்டினாள், மறுபடி வியர்த்தது. ஐந்தாவது தடவைதான் துணி வெள்ளையாகவே திரும்பி வந்தது. விரிசல் மேற்கொண்டு ஓடாதபடி அதன் நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை போட்டாள். வழி நெடுகக் கீறிப் பள்ளமாக்கினாள். தொலைந்துபோன காதுக்குப் பழைய எஞ்சின் பிஸ்டன் ஒன்றை அறுத்து, அதே வடிவத்தில் ராவி எடுத்தாள். வளையாமலிருக்க ஓட்டைக் கனமான இரும்புத் தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கி, சமையலறை ஓவனுக்குள் திணித்தாள். அலுமினியம் சூட்டைக் காட்டிக்கொடுக்காது. சிவக்காமலே இருந்து திடீரென்று உருகி ஊற்றிவிடும். அதனால் சோப்புக் கட்டியால் மேலே ஒரு கோடு போட்டு, அது கறுக்கும்வரை காத்திருந்தாள். வாத்தியார் இரண்டு நாள் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டார். பிறகு பற்றவைத்தாள். கட்டைவிரல் நீளம் இங்கே, கட்டைவிரல் நீளம் அங்கே என்று மாறி மாறிப் போனாள், ஒரே மூச்சில் ஓட்டவில்லை. முடிந்ததும் மெதுவாக ஆறட்டும் என்று மரப்பெட்டியில் சாம்பலைக் கொட்டி, அதற்குள் புதைத்து, மேலே தன் கம்பளியையும் போட்டு மூடினாள்.

மறுநாள் மதியம் திறந்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சாம்பலை விட்டு வெளியே எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். நான்காம் நாள் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள்; தொட்டித் தண்ணீர் சூடானது, வாத்தியார் அதில் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார், ஓடு மட்டும் அப்படியே இருந்தது. அவளுக்கு அதில் ஆச்சரியத்தைவிட எரிச்சல்தான் அதிகம். சூடான அலுமினியம் விரிந்திருக்கும். விரிந்ததில் பேரிங் குழியை அளவாகக் கடைந்தால், ஆறிய பிறகு சுருங்கிப் பேரிங்கை நெரித்துவிடும். ஆறினால்தான் கடைய முடியும், அது ஆறுகிற வழியைக் காணோம். மேட்டிலிருந்து நிதானம் தினமும் நடந்து வந்து வாசலில் நின்று, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆறாம் நாள் வாத்தியார் கரும்பலகைச் சாக்பீஸால் தரையில் கணக்குப் போட்டார். "எம்பது மில்லி குழி. ஆறினா நூத்துல நாலு பங்கு மில்லி சுருங்கும். பேரிங் மாட்டிக்கும். ஆறலைன்னா ஒண்ணும் ஆகாது" என்றார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்து, "ஆறுமா, ஆறாதா?" என்று கேட்டார்.

அவள் உள்ளங்கையை ஓட்டின்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிறவர்களுக்குத் தெரியும், அது இறங்கப்போகிற சூடா, நிற்கப்போகிற சூடா என்று. "ஆறாதுங்க" என்றாள். "ஆறாததுக்கே அளவு வைக்கிறேன்."

முப்பத்தெட்டு டிகிரியிலேயே லேத்தில் ஏற்றிக் கடைந்தாள். சீவல்கள் வெள்ளிச் சுருளாக விழுந்தன. விழுந்தவை உடனே ஆறிவிட்டன, ஓடு ஆறவில்லை. பிறகு எஞ்சினோடு பொருந்தும் முகப்பை மில்லிங்கில் ஒரு மெல்லிய தோல் அளவுக்குச் சீவி எடுத்தாள். அன்று மாலை அண்ணன் வந்தார். தங்கை சூட்டோடு கடைகிறாள் என்று கேள்விப்பட்டு, கெடுத்துவிடப்போகிறாளே என்று ஓடிவந்திருந்தார். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"ஆறட்டும் பாப்பா, என்ன அவசரம்?"

"ஆறாதுண்ணே."

அண்ணன் சுவர் ஆணியிலிருந்து நேர்விளிம்புப் பட்டையை எடுத்தார். ஓட்டை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிவைத்து, பட்டையை அதன் முகப்பில் சாய்த்து, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நெடுக்கே பார்த்தார், குறுக்கே பார்த்தார், மூலைக்கு மூலை பார்த்தார். அவருடைய மூன்று புது மெஷின்களில் ஒன்றும் அவருக்கு அப்படி ஒரு முகப்பைத் தந்ததில்லை. பட்டையைத் துடைத்து அதே ஆணியில் மாட்டினார். "வெளிச்சம் போகல" என்றார். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். அவள் லேத்தை நிறுத்தவும் மறந்து, காலியாகச் சுற்றிக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்டி மறுநாள் மேட்டில் ஏறியது. அதிலிருந்து பன்னிரண்டாம் நாள், அந்தப் பிள்ளைத்தாய்ச்சிகளில் ஒருத்திக்கு ஒரு மாதம் முந்தியே வலி கண்டது. ஏற்றிக்கொண்டு இறங்கும்போது ஆலங்கட்டி மழை பிடித்தது, பாதையில் மரம் விழுந்தது, வண்டி முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் ஐந்து மணி நேரம் நின்றது. பிள்ளை அங்கேயே பிறந்தது. ஒரு கையில் அடங்கிவிடும் அளவு, உதடு நீலம். வண்டிக்குள் மூச்சு விட்டால் புகையாகத் தெரிகிற குளிர். டீசல் தீர்ந்து எஞ்சின் நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கதகதப்புக்கு எதையாவது தேடிக் கையால் துழாவிய நர்ஸம்மா, முன்சீட்டுகளுக்கு நடுவே கியர்பெட்டி மேல்மூடியில் கை பட்டதும் அப்படியே நிறுத்தினார். "நிதானம், இந்த மூடியைக் கழட்டு" என்றார். நிதானம் வாழ்க்கையில் முதல்தடவையாக அவசரப்பட்டான். துண்டு விரித்து, கியர்பெட்டியின் முதுகில் பிள்ளையைப் படுக்கவைத்தார்கள். மரத்தை வெட்டி அகற்றி, இறக்கத்தில் வண்டியை உருட்டிக்கொண்டே கீழே போய்ச் சேர்ந்தபோது பிள்ளை சிவந்து, பசித்து, ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்கும்படி அழுதுகொண்டிருந்தது.

அந்த வாரமே அண்ணன் தன் பெயர்ப்பலகையில் கீழே ஒரு வரி எழுதவைத்தார்: 'அலுமினிய வார்ப்பு வேலைகளுக்கு என் தங்கை வீடு.' பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அம்புக்குறி அரை மில்லி சாய்ந்திருந்ததாக அவள் சொன்னாள். ஆனால் திருத்தச் சொல்லவில்லை. தினமும் கடைக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டு மெயின் ரோட்டு வழியாகவே போனாள்.

அதன் பிறகு வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கல்லூரிப் பேராசிரியர்கள் இரண்டு பேர் கருவிகளோடு வந்து, வண்டிக்கு அடியில் மூன்று நாள் படுத்திருந்து, சளி பிடித்துத் திரும்பினார்கள். எல்லாரும் சூட்டைப் பற்றியே அவளிடம் கேட்டார்கள். "சூடு அது பாட்டுக்கு இருக்கட்டும். முகப்பைப் பாத்தீங்களா? காதை எங்க ஒட்டியிருக்குன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்பாள். அவள் அப்புறம் நானூறு, ஐந்நூறு வார்ப்புகள் பற்றவைத்தாள். எல்லாம் ஒழுங்காக மறுநாள் ஆறின. தன் வேலையில் எங்கே குறை வந்தது என்று அவள் சில நாள் யோசித்ததும் உண்டு.

பத்து மாதத்தில் வரவேண்டிய புது வண்டி ஒன்பதாம் வருடம் வந்தது. பழையதை உடைக்க அனுப்பும் முன் நர்ஸம்மா கியர்பெட்டி ஓட்டை மட்டும் கழற்றி வாங்கி, மேட்டு ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் அறையில் ஒரு மேசைமேல் போல்ட் போட்டு நிறுத்தி, மெத்தை தைத்துப் போட்டார். பொருள் பட்டியலில் 'வெப்பமூட்டி, ஒன்று. மின்சாரம் தேவையில்லை' என்று எழுதினார். தணிக்கைக்கு வந்தவர் தொட்டுப் பார்த்து, சரி என்று குறி போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

போன குளிர்காலத்தில் அங்கே தண்ணீர் பம்பு பழுது பார்க்க அரைமில்லி போயிருந்தாள். வேலை முடிந்து கை கழுவிவிட்டு அந்த அறையை எட்டிப் பார்த்தாள். நான்கு நாள் பிள்ளை ஒன்று ஓட்டின்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதன் அம்மா, வேற்றூரிலிருந்து வாழ வந்தவள், இவளை யாரென்று அறியாதவள். "கிட்ட வாங்கக்கா, சூடாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. இங்க இது அப்படித்தான்" என்றாள். அரைமில்லி குனிந்தாள். மெத்தையின் ஓரத்தை ஒதுக்கி, பற்றவைத்த தையல்மேல் நகத்தை மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டினாள். எங்கேயும் இடறவில்லை.

"அழகா இருக்குல்ல?" என்றாள் அந்தப் பெண், பிள்ளையைப் பார்த்தபடி.

"ஆமாம்மா" என்றாள் அரைமில்லி. "ஒரு குறை சொல்ல முடியாது."