போகாத பயணம்

சலூன்காரருக்கு இடது கால் மட்டும் வீங்கியபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நிற்கிற மனுஷனுக்குக் கால் வீங்காமல் மூக்கா வீங்கும் என்று அவரே சிரித்தார். பேன்ட் கெண்டைக்காலைத் தாண்டி ஏற மாட்டேன் என்ற அன்றுதான் மனைவி அவரை விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

வீங்கிய காலை ஸ்கேன் செய்து பார்த்த டாக்டர், ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்றார். சின்ன வயசுதான், பேச்சில் நல்ல நிதானம்.

"சமீபத்துல ஆபரேஷன் ஏதாவது? படுத்த படுக்கையா இருந்தீங்களா? ரொம்ப தூரம் உக்காந்தே பயணம் பண்ணீங்களா?"

"எதுவும் இல்லீங்க. கடையில நின்னுட்டேதான் இருப்பேன்."

"காரணமே இல்லாம உறைஞ்சிருக்குன்னா வயிறு, நெஞ்சு எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துடணும். உள்ள எங்கயாவது கட்டி இருந்தாலும் ரத்தம் இப்படி உறையும்."

சலூன்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள். கட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுடைய வாய் முந்திக்கொண்டது.

"போன வாரம் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வந்தாரே டாக்டர். ராத்திரி பூரா பஸ்ல. கால நீட்டக்கூட இடமில்லை."

போய்வந்தது அவள். மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. கடையைப் பூட்ட மனமில்லாமல் அவர் இங்கேயே இருந்துவிட்டார். ஆனாலும் மறுக்கவில்லை; நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினார். காரணம் கிடைத்துவிட்டதில் டாக்டரின் முகமும் தெளிந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"பஸ்ல போனது நீ, கால் வீங்கினது எனக்கு. நல்ல ஜோடிதான்," என்றார் அவர், வெளியே வந்ததும். இருவரும் சிரித்தார்கள். பாவிகள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

வீக்கம் வடிந்தது. கூடவே உடம்பும் வடிந்தது. தொப்பை கரைந்துவிட்டதே என்று முடி வெட்ட வந்தவர்கள் மெச்சினார்கள். பிறகு, மாத்திரையைத் தவறாமல் விழுங்கிக்கொண்டிருக்கும்போதே, வலது காலும் வீங்கியது. இந்த முறை பெரிய ஆஸ்பத்திரி, வேறு டாக்டர். அவர் யாரிடமும் எதுவும் கேட்டுக்கொண்டிருக்காமல் முழு உடம்பையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கணையத்தில் புற்றுநோய். ஈரல் வரை பரவியிருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. டம்ளரைக் கழுவி வைத்தாள். கழுவிய டம்ளரையே மறுபடியும் கொண்டுபோய்க் கழுவினாள். கால் மரத்துப்போனால் உதறிவிடலாம். இது எங்கே மரத்திருக்கிறது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. யார் என்ன கேட்டாலும் சரி, சரி என்றாள்.

மகள் கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். அவளிடம் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

"முதல் தடவையே வயித்தைப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கலாம். காப்பாத்தியிருக்க முடியுமான்னு கேட்டா, சொல்லத் தெரியலை. நீண்ட பயணம் போனதா சொன்னாங்கன்னு பழைய சீட்டுல இருக்கு, அதனாலதான் தேடாம விட்டிருக்காங்க."

டாக்டர் நகர்ந்ததும் மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"எந்தப் பயணம்மா? அப்பா எங்க வீட்டுக்கு வரவே இல்லையே. பிள்ளையையே இன்னைக்குத்தானே முதல் முதலா பாக்கறாரு. யாரு அப்படிச் சொன்னது?"

நான்தான் என்று சொல்ல அம்மா வாயைத் திறந்தாள்.

"வந்தேன்மா," என்றார் கட்டிலில் கிடந்தவர். "நீயும் பிள்ளையும் அசந்து தூங்கிட்டிருந்தீங்க. எழுப்ப மனசு வரலை. வாசல்லயே நின்னு பாத்துட்டு அடுத்த பஸ்ல திரும்பிட்டேன். ராத்திரி பூரா பஸ்ல. கால நீட்டக்கூட இடமில்லை."

மனைவி அன்று டாக்டரிடம் சொன்னதை அவர் ஒரு சொல் மாறாமல் சொன்னார். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், மேற்கொண்டு கேட்கவில்லை. குழந்தையை அப்பாவின் பக்கத்தில் கிடத்தினாள்.

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.