ரெண்டு சாரும் என் ஓய்வு ஆணையும்

நான் ஓய்வு பெற வேண்டியது அறுபது வயதில். ஆணை கைக்கு வந்தபோது வயது அறுபத்திரண்டு. இடைப்பட்ட இரண்டு வருடமும் அது எங்கே இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் மேசைக்கு ஆறடி தள்ளி, நான் பொறுப்பாளராக இருந்து பார்த்துக்கொண்ட மெயில் சர்வருக்குள் இருந்தது.

பதினைந்தாயிரம் பேர் வேலை பார்த்த நிறுவனம். அத்தனை பேர் மெயிலும் அந்த ஒரே சர்வர் வழியாகத்தான். அது படுத்துவிடக் கூடாதே என்று, நம்பகமான புது சர்வருக்குத் திட்டம் தீட்ட ஒரு குழு போட்டார்கள். அதன் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரெண்டு சார். ஒன்று நின்றால் மற்றது ஓட வேண்டும் என்பது அவர் கொள்கை. இரண்டு கைக்கடிகாரம் கட்டியிருப்பார். இரண்டும் வேறு வேறு நேரம் காட்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரத்தை அவர் எடுத்துக்கொள்வார்.

குழு தன் நானூறு பக்கத் திட்டத்தை, படங்களோடு, பதினைந்தாயிரம் பேருக்கும் மெயிலில் அனுப்பியது. பாதிப் பேர் ‘பார்த்தேன்’ என்று எல்லோருக்கும் பதில் போட்டார்கள், திட்டத்தையும் கூடவே இணைத்து. மீதிப் பேர் ‘எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்’ என்று எல்லோருக்கும் பதில் போட்டார்கள். சர்வர் வயிறு முட்டி, நாளைக்கு நாற்பது மெயில்தான் தள்ளும் என்றாகிவிட்டது. அன்று கிளம்பிய என் ஓய்வு ஆணை வரிசையின் வாலில் மாட்டிக்கொண்டது.

பணியாளர் பிரிவு எழுத்தர் அம்மாவிடம் போனேன். அவர் தலை நிமிரவில்லை.

“ஆணை மெயில்ல வந்தாதான் சார் செல்லும்.”

“அனுப்பினது நீங்கதானேம்மா. வாயால சொல்லிடுங்களேன்.”

“வாயால சொன்னத கேட்டுட்டு வீட்டுக்குப் போனீங்கன்னா, சொல்லாம ஓடிட்டாருன்னு பதிவாகும்.”

மகள் வீட்டோடு போய் இருக்க என் மனைவி பெட்டி கட்டியிருந்தாள். இரண்டு வருடம் அந்தப் பெட்டியிலிருந்தே எடுத்து உடுத்தினாள். “பேத்தி தவழ்ந்து, நடந்து, இப்ப ஓடுறா,” என்பாள். “அவ கல்யாணத்துக்காவது போய்ச் சேருவோமா?”

ரெண்டு சார் அசரவில்லை. இரண்டு கட்டடம், இரண்டு சர்வர், ஒவ்வொன்றிலும் ஹார்ட் டிஸ்க் இரண்டிரண்டு, மின்சாரம் இரண்டு வழி. எல்லாம் முடிந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க ஒரே ஆளு. காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க?”

“படுத்துப்பேன் சார்.”

“அதான் கூடாதுங்கறேன். பொறுப்பாளரும் ரெண்டு பேரு.”

திறப்பு விழாப் பலகையில் பெயர் வர வேண்டுமே; இரண்டாவது பொறுப்பாளராகத் தன்னையே நியமித்துக்கொண்டார். பழைய வரிசையில் கிடந்த மெயில்களை இரண்டு சர்வரிலும் ஏற்றச் சொன்னார்.

“ரெண்டுமே அனுப்பிடும் சார்.”

“அனுப்பட்டுமே. வராமப் போறதுக்கு ரெண்டு தடவ வர்றது மேல்.”

நாடா வெட்டிய பத்தாவது நிமிடம் ஆணை வந்தது. பதினோராவது நிமிடம் இன்னொன்று. எங்கள் ஆணைகளில் பெயர் இருக்காது, பதவிதான்: ‘மெயில் சர்வர் பொறுப்பாளர் பணி ஓய்வு பெறுகிறார்.’

எழுத்தர் அம்மா முதல் முறையாகத் தலை நிமிர்ந்தார். “ஆணை ரெண்டு. பொறுப்பாளரும் ரெண்டு பேர். சரியாத்தானே இருக்கு.”

ரெண்டு சாருக்கு ஐம்பத்தொரு வயதுதான். “இது ஒரே மெயில்மா. ரெண்டு தடவ வந்திருக்கு,” என்றார்.

“அப்ப புது சர்வர் நம்பகமில்லன்னு எழுதித் தாங்க சார். ஒண்ண ரத்து பண்ணிடறேன்.”

அவர் ஒரு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மற்றதைப் பார்த்தார். வெளியே பலகையில் அவர் பெயரின் மை இன்னும் காயவில்லை.

“வராமப் போறதுக்கு இது மேல் சார்,” என்றேன், ஆறுதலாக.

இரண்டாவது ஆணையைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்.

பிரிவு உபசாரத்துக்கு ஒரே நாற்காலிதான் போட்டிருந்தார்கள். அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எங்கள் பெட்டி தயாராக இருந்தது. பாவம், அவர் இனிமேல்தான் கட்டத் தொடங்க வேண்டும்.