விராவின் கோரைப்பல்

ஆண்கள் கூடத்தில் உயர்ந்தவர்கள் சுற்றி உட்காரும் மேலடுப்பருகே தாரி உட்கார்ந்த மறுநாள் காலையில் விராவின் கீழ்த்தாடையில் கோரைப்பல் முளைத்தது. இடது பக்கம் ஒன்று மட்டும், உதட்டை விலக்கிக்கொண்டு மேல்நோக்கி வந்தது. அம்பேத் தீவில் பன்றிகளுக்கு முளைப்பதுதான் என்பதால் யாரும் அலறவில்லை. நர்ஸ் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, மற்றப் பற்கள் எதனால் ஆனதோ இதுவும் அதனால்தான் ஆனது, நிற்கத் தெரியாமல் வளர்கிறது, அவ்வளவுதான் என்றாள். ஓடையில் துணி துவைத்த பெண்கள் ஒப்புக்கொள்ளவில்லை. "அது பல்லு இல்லடி, வயித்தெரிச்சல்" என்றார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி.

விராவும் தாரியும் சகலைகள். அக்காளைத் தாரியும் தங்கை மாத்தானை விராவும் கட்டியிருந்தார்கள். பல வருடங்களுக்கு முன் ஒரே நாளில் இருவரும் ஆளுக்கொரு பன்றியைப் பிடித்து மேல்வாய்ப் பல்லைத் தட்டி எடுத்தார்கள். மேலே உரச ஒன்றும் இல்லாவிட்டால்தான் கீழ்க் கோரைப்பல் தேயாமல் வளைந்து வட்டமாகும். வட்டம் மூடிய பன்றியைக் காணிக்கை கொடுப்பவனுக்குப் புதுப் பெயரும், ஆண்கள் கூடத்தில் மேலடுப்பும் கிடைக்கும். அந்தப் பன்றிகளுக்குச் சரியாக மெல்ல வராது. ஏழு வருடம் மாத்தான் சேப்பங்கிழங்கை மென்று தங்கள் பன்றியின் வாயில் வைத்தாள். விராவுக்கோ தன் பன்றியைவிடத் தாரியின் பன்றிமேல்தான் கண். தினமும் வேலியோரம் போய் எட்டிப் பார்ப்பான். அப்படிப் போகிற அவசரத்தில் ஒருநாள் கயிற்றைச் சரியாக முடியவில்லை. பன்றி அவிழ்த்துக்கொண்டு போய்க் கல்லைக் கிளறியது. வட்டம் மூட ஒரு விரற்கடை இருக்கையில் பல் ஒடிந்தது. தாரியுடையது மூடியது. விரா கீழடுப்பிலேயே கிழங்கு சுட்டான்.

இப்போது விராவுக்கே பல் முளைத்ததும் மாத்தான் சொன்னாள்: "மேல்பல்லு இருக்குல்ல, உரசி உரசித் தேஞ்சிரும். பேசாம விடுங்க."

விரா விடவில்லை. கல்லை எடுத்துத் தன் மேல்பல்லைத் தானே தட்டிக்கொண்டான். தாரியிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்ற நினைப்பே அவனுக்குப் போதையாக இருந்தது. அதன்பின் அவனுக்கும் மெல்ல வரவில்லை. மாத்தான் பழையபடி கிழங்கை அவனுக்காக மெல்லத் தொடங்கினாள்.

தாரி வீட்டுக்குப் புதுத் தகரக் கூரை வந்த மாதம் பல் கன்னத்தைத் தொட்டது. தாரியின் மகன் மோட்டார் படகு வாங்கிய வருடம் வளைந்து தாடைக்குத் திரும்பியது. தாரி காய்ச்சலில் படுத்திருந்த மழைக்காலம் முழுக்க அது இம்மியும் வளரவில்லை, விராவும் நன்றாகத் தூங்கினான். பிறகு தாரி எழுந்து நடமாடினான். வழியில் பார்த்து, "என்ன சகலை, கல்லுகில்லு கிளறிராதீங்க, ஒடிஞ்சிரப் போகுது" என்றான். அந்த வாரமே நுனி தாடைக்குள் புகுந்து வட்டம் மூடியது.

விரா நேரே கூடத்துக்குப் போய் மேலடுப்பு கேட்டான். பெரியவர்கள் பல நாள் பேசினார்கள். பல்லில் குறை சொல்ல முடியவில்லை. அப்படியொரு வட்டத்தை யாரும் பார்த்ததே இல்லை. கடைசியில் எல்லாரிலும் மூத்தவர் வாயைத் திறந்தார்.

"பல்லு வச்சிருக்கிறதுக்கு இங்க என்னைக்குப்பா பேரு குடுத்தோம்? வளத்தவங்களுக்குத்தான் குடுக்கிறது. உன்னைய வளத்தது யாரு?"

மேலடுப்பு பெண்களுக்கு இல்லை. ஆனால் தோளில் போர்த்தும் சிவப்புப் பாயும் உயர்ந்த பெயரும் உண்டு. மாத்தானைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"பன்னிக்கு மென்னேன், அப்புறம் இவருக்கு மென்னேன். என் தாடைக்கும் ஏதாச்சும் குடுங்க" என்றாள்.

காணிக்கைப் பன்றியைப் போல விராவின் இடுப்பில் கயிறு கட்டி, சிவப்புப் பாய்கள்மேல் மாத்தான் அவனை நடத்தி வந்தாள். சங்கு ஊதினார்கள். அவள் கட்டையால் அவன் நெற்றியை லேசாகத் தொட்டாள், கொன்றதாகக் கணக்கு. எல்லாரையும்விடத் தாரிதான் அதிகம் ஆடினான். அவள் இனி வழியில் வந்தால் ஆண்கள் ஒதுங்கி நிற்க வேண்டும், தாரியும் சேர்த்து, விராவும் சேர்த்து.

கூட்டம் அவளுடைய புதுப் பெயரைச் சொல்லிக் கத்தியது. தாரியைப் பற்றிய நினைப்பே விராவுக்கு அப்போது இல்லை. மனைவியின் தோளில் கிடந்த பாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வயிறு எரிந்தது. தாடைக்குள் புதைந்திருந்த நுனி அசைந்து வெளியே வந்து, இரண்டாவது வட்டத்துக்குத் திரும்பியது.

முதலில் பார்த்தவள் மாத்தான்தான். கட்டையைக் கீழே வைத்தாள். விருந்துக்கு அவித்த கிழங்கில் ஒன்றை எடுத்துத் தோலுரித்து, வாயில் போட்டு மெல்லத் தொடங்கினாள்.