கோட்டைக்குள் இருந்த விதை

போலகம் கிராமத்தில் முத்தையனைப் போல விதைக்கோட்டை கட்ட ஆள் கிடையாது. வைக்கோல் பிரியை இறுக்கிச் சுற்றி, உள்ளே காய்ந்த நெல்லைக் கொட்டி, மேலே சாணியைப் பூசி மெழுகிவிட்டாரென்றால் எலிகூட எட்டிப் பார்க்காது. மனுஷனும் அப்படித்தான். எதையும் இறுக்கிக் கட்டி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் ஆடி முடிந்து ஆவணியும் போயிற்று. கடைமடைக்கு ஆற்றுத்தண்ணீர் வந்து சேரவில்லை. பக்கத்து வயல் இளையபெருமாள் மழையை நம்பிக் காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட்டார். முத்தையன் மனைவி ராசாத்திக்கும் அதே எண்ணம்.

"நாமளும் தெளிச்சிடுவோங்க. இனிமே தண்ணி வந்து, நாத்து விட்டு, எப்ப நடுறது?"

"வெதைய புழுதியில கொட்டச் சொல்றியா? அரைகுறையா ஒரு தூத்தல் போட்டா மொளைச்சுக் கருகிடும். அடுத்த வருஷம் வெதைக்கு எங்க போயி நிப்பே?"

அவர் சொன்னது பொய்யில்லை. அதே மாதிரி ஒரு தூறல் போட்டது. இளையபெருமாள் வயலில் பாதி முளைத்துக் கருகியது. முத்தையன் வரப்பில் நின்று உச்சுக் கொட்டினார். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான், மறைப்பானேன். மிச்சப் பாதி ஐப்பசி மழையில் எழுந்து தையில் களத்துக்கு வந்தபோது மட்டும் அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

நாற்று விட்டு நடும் காலம் கடந்துபோய், அவர் வயல் தரிசாகக் கிடந்தது. ராசாத்தி திருமலைராயன்பட்டினத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போய் அரிசி வாங்கி வந்தாள். பிள்ளைகள் வெறும் கஞ்சி குடித்த நாளிலும் கோட்டையைப் பிரித்து நெல்லைக் குத்த அவர் விடவில்லை. "வெதை பத்திரமா இருக்குல்ல" என்பார் நிம்மதியாக. அந்த முகத்தைப் பார்த்தாலே ராசாத்திக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுவருஷமும் ஆவணியில் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. முத்தையன் மறுபடியும் காத்திருக்கத் தயாரானார். ராசாத்தி அவரைக் கேட்கவில்லை. கோட்டையைக் கிழித்து ஒரு கை நெல் எடுத்து, ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தாள். மூன்றாம் நாள் அவர் முன்னால் அவிழ்த்தாள். எங்கோ ஒன்றிரண்டில் வெள்ளையாய் முளை தெரிந்தது. மற்றதெல்லாம் புளித்து நாறியது.

முத்தையன் ஒவ்வொரு நெல்லாகப் புரட்டினார். ஒன்றைக்கூடப் பூச்சி தொடவில்லை. பழைய விதை முளைக்காது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தன் கோட்டையில் இருப்பது மட்டும் சாகாது என்று நினைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் இளையபெருமாள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"போன வருஷம் புழுதியில வெளைஞ்ச நெல்லுதாண்ணே. கொண்டு போங்க," என்றார் இளையபெருமாள். ஒரு குத்தல் பேச்சு இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது முத்தையனுக்கு.

மறுநாள் காய்ந்த வயலில் இறங்கிக் கை நிறைய நெல்லை அள்ளினார். வீச மனம் வரவில்லை. விரல்கள் மூடியபடியே நின்றன. வரப்பில் நின்ற ராசாத்திக்கே இப்போது பயம் வந்துவிட்டது.

"மழை வரலேன்னா என்னங்க பண்றது?"

"வரலேன்னா மண்ணோட போவட்டும். நான் வீட்டுக்குள்ள வச்சே சாவடிச்சேன்ல?"

அவர் விரல்களைத் திறந்து வீசினார்.