இரண்டு அங்குலப் பிசிறு

கடைசித் திரைச்சீலையின் ஓரத்தை மடித்துத் தைத்து முடித்தபோது மணி பதினொன்று. ஓரத்தக்கா மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு முதுகை நிமிர்த்தினாள். பன்னிரண்டும் முடிந்தன. இரண்டு மணிக்குக் கிளம்பினால் மூன்று மணிக்குக் கண் ஆஸ்பத்திரியில் இருக்கலாம். அந்தத் தேதிக்காக இரண்டு மாதம் காத்திருந்திருக்கிறாள்.

அந்த வீட்டு அலங்காரக் கடையின் நிலவறையில் ஓர வேலை எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். பெயரும் அதனால் வந்ததுதான். ஒரு வருடமாக அவளுக்கு ஊசியில் நூல் கோத்துத் தருவது பக்கத்து மிஷினில் மெத்தையுறை தைப்பவள்; பேச்சு ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வாய் மூடாத ரேடியோ இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. போன வருடம் கை நடுங்கிய தையல்காரரைப் பொட்டலம் கட்டப் போட்டார்கள். மறுமாதம் அதுவும் இல்லை.

சூப்பர்வைசர் படியிறங்கி வந்தான். அவள் தம்பி வயதுதான் இருக்கும். மேலே கிடந்த திரைச்சீலையை எடுத்து விரித்தவன் அப்படியே நின்றான்.

"அக்கா, கீழ இருந்த பிசிறு எங்க?"

"வெட்டிட்டேன். எல்லாமே பிசிறும் தும்புமா வந்துச்சு. எவனோ அரைகுறையா அனுப்பிட்டான்னு ஒழுங்கா மடிச்சுத் தைச்சிருக்கேன். பாருங்க, ஒரு தையல் கோணலா இருக்கா?"

"ஐயோ, அதுதாங்க்கா டிசைனே!" செல்போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். அவளுக்கு வெளிச்சம் தெரிந்தது, படம் தெரியவில்லை. "வர்ற சீசனுக்கு இதுதான் ட்ரெண்டு. முடிக்காம விட்ட மாதிரி இருக்கணும். ரெண்டு அங்குலம் பிசிறு."

"முடிக்காம விடணும்னா எங்கிட்ட எதுக்குக் குடுத்தீங்க?"

"மேல வளையம் வைக்கத்தான்."

"அதை யாராவது வாயத் தொறந்து சொன்னீங்களா?"

ரேடியோ மிஷினை நிறுத்தினாள். "என் வீட்டுக்காரரு கட்டின சமையல்கட்டு மூணு வருஷமா முடிக்காமத்தான் கெடக்கு. அப்பவே ட்ரெண்டு தெரிஞ்ச மனுஷன் போல."

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "நாலு மணிக்குப் போட்டோ எடுக்க வர்றாங்க. எல்லாத்தையும் பிரிச்சு, பழையபடி நூல் உருவிக் குடுத்துருங்க."

"நான் ரெண்டு மணிக்கு லீவு கேட்டிருந்தேனே தம்பி."

"எதுக்குன்னு சொன்னீங்க?"

"பேங்கு வேலை."

"பேங்கு நாளைக்கும் இருக்கும்க்கா." அவன் ஏறிப் போய்விட்டான்.

"சொல்லித் தொலையேன்," என்றாள் ரேடியோ, குரலைத் தாழ்த்தி.

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கு மட்டுமில்ல, தினமும் போகலாம். வேலைதான் இருக்காது."

வெள்ளைத் துணியில் வெள்ளைத் தையல். அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு அழுத்தமாகத் தைத்த தன் கையையே அவள் திட்டிக்கொண்டாள். விரல் நுனியால் தடவித் தையலைக் கண்டுபிடித்து, பிளேடை நுழைத்து, ஒவ்வொன்றாக அறுத்தாள். ரேடியோ தன் உறைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, மடிப்பின் தடம் போக இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அப்புறம் குறுக்கு நூலை ஊசிமுனையால் கிளப்பி உருவ வேண்டும். ஒரு நூல் அறுந்தால் மறுபடி முனையைத் தேட வேண்டும். ஓரம் தைக்கப் பத்து நிமிடம் போதும். தைக்காத மாதிரி ஆக்க அரைமணிக்குக் குறையவில்லை. ரேடியோவும் ஊசி எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

எட்டாவது திரைச்சீலையில் இருந்தபோது ரேடியோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்; இரண்டு தாண்டியிருந்தது. ஓரத்தக்கா கேட்கவில்லை. ரேடியோவும் மணி சொல்லவில்லை.

நாலு மணிக்குக் கடை முகப்புக் கண்ணாடிச் சாளரத்தில் திரைச்சீலைகளை மாட்ட, கடையின் சீருடைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வரச்சொல்லி அவளையே மேலே கூப்பிட்டார்கள். ஏணியிலிருந்து அவள் இறங்கியபோது, டிசைனர் அம்மா பிசிறை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு இயல்பா இருக்கு பாருங்க! கையே படாத மாதிரி!"

போட்டோக்காரர் விளக்கைத் திருப்பினார். ஓரமாக நின்றிருந்த ஓரத்தக்காவின் மேலும் வெளிச்சம் விழுந்தது. சூப்பர்வைசர் அவசரமாக அருகே வந்தான்.

"அக்கா, உங்க கோட்டுக் கையைப் பாருங்க. நூல் தொங்குது. கஸ்டமர் வர்ற எடம், அசிங்கமா இருக்கு. வெட்டிடுங்க."

அவள் கழுத்தில் தொங்கிய கத்திரிக்கோலை எடுத்து விரித்தாள். மணிக்கட்டை மூக்குக்கு அருகே கொண்டுவந்தாள். வெளிச்சத்தை நோக்கித் திருப்பினாள், விலக்கினாள், மறுபடி அருகே கொண்டுவந்தாள்.

"அங்கதாங்க்கா. கண்ணு முன்னாடியே தொங்குதே."

கத்திரிக்கோல் விரிந்தபடியே இருந்தது.