சிவசம்பு அவர்களின் காரில் எண்ணெய் ஒழுகிய விவகாரம்

முதலில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். பின்னால் யார் யாரை வைதார் என்பதில் குழப்பம் வரக்கூடாது.

இடம், பிரிக்பீல்ட்ஸில் சிவசம்பு அவர்களின் வீட்டு முன்கூடம். பிரம்பு நாற்காலியில் சிவசம்பு. யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஏழு பேர் ஏறக்கூடிய ஹயர் கார் ஒன்றை வாங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் இடையே ஓடவிட்டிருந்தார். உள்வாசலை ஒட்டிய பெஞ்சில் அவருடைய மனைவி பூமணி அம்மாள், மடியில் சுளகு, சுளகில் முருங்கைக்கீரை. கவிழ்த்துப் போட்ட மண்ணெண்ணெய்ப் பெட்டியின்மேல் பட்டறைக்காரர் பழனியப்பன். ஜன்னலோரத்து மேசையில் நான், கடிதம் எழுதிக் கொடுப்பவன். டிரைவர் நாகையா உட்காரவில்லை. அவனை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

கார் வாசலில் கொட்டகைக்குள் நின்றது. அதன் வயிற்றுக்குக் கீழே பூமணி அம்மாளின் பழைய பேசின் ஒன்றை வைத்திருந்தார்கள். அதில் எண்ணெய் சொட்டும் சத்தம் கூடம்வரை கேட்டது. அன்றைய கூட்டத்தில் யாரும் குறுக்கிடாமல் தன் பாட்டில் பேசிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

என்னைக் கூப்பிட்டது வேலை நீக்கக் கடிதம் எழுத. அந்தக் காலத்தில் ஒரு டிரைவர் புது முதலாளியிடம் போனால், பழைய முதலாளியின் கடிதம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். ‘கவனக்குறைவு’ என்று ஒரு சொல் அதில் இருந்தால் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை ஒருவரும் வண்டிச் சாவியைத் தரமாட்டார்கள். நாகையா டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்துவிட்டு, கங்காணியின் வாயிலிருந்து தப்பி வந்து ஸ்டியரிங் பிடித்தவன். கடிதம் கைக்கு வந்தால் மறுபடியும் அதே லயத்து வீடு, அதே கங்காணி. அவன் மனைவி மாரியாயி முந்தின நாளே, “போறதா இருந்தா நீ மட்டும் போ,” என்று சொல்லிவிட்டாளாம்.

அவன் செய்த குற்றம் இதுதான். கிள்ளானில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தகப்பனார் சீவரத்தினம், சிவசம்புவோடு ரயில்வேயில் ஒரே அறையில் இருந்தவர். மாப்பிள்ளை அழைப்புக்குத் தம் காரையே தருவதாகச் சிவசம்பு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகச் சிங்கப்பூரிலிருந்து புது ஆயில் பில்டர் ஒன்று தருவித்து மாட்டினார்கள். பில்டர் என்றால் பால் டின் அளவில் ஒரு தகர டப்பா. எஞ்சின் எண்ணெய் அதற்குள் புகுந்து அழுக்கை விட்டுவிட்டு வெளியே வரும். டப்பாவின் வாயைச் சுற்றி ஒரு கார்க் வளையம் உண்டு. நடுவே ஒரு போல்ட்டை முடுக்கினால் வளையம் எஞ்சினோடு அழுந்தி உட்காரும். உட்கார்ந்தால் ஒழுகாது.

அது உட்காரவில்லை. கார் பெண் வீட்டு வாசலில் நின்றது. வாத்தியக்காரர் வாசித்து முடிக்கட்டும் என்று எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தார்கள். அதற்குள் காருக்கடியில் ஒரு குளம் கட்டியிருந்தது. மாப்பிள்ளை வெறுங்காலோடு இறங்கி நேராக அதில் மிதித்தார். வழக்கப்படி பெண்ணின் தம்பி வெள்ளிச் செம்பில் தண்ணீர் ஊற்றி மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். எஞ்சின் எண்ணெய் தண்ணீருக்குப் போகுமா? பன்னீர் ஊற்றினார்கள், போகவில்லை. கடைசியில் சமையற்கட்டிலிருந்து மண்ணெண்ணெய் கொண்டுவந்து தேய்த்தார்கள். கால் வெளுத்தது. ஆனால் மணவறையில் உட்கார்ந்ததும் ஐயர் மோந்து பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை ஓமத்தை விட்டுச் சற்றுத் தள்ளி இருக்கட்டும்,” என்றார். தாலி கட்டும் வரை மாப்பிள்ளை காலை மடித்து வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டே இருந்தாராம்.

“எழுதும், கிராணியார்,” என்றார் சிவசம்பு என்னிடம். “‘உமது கவனக்குறைவினால்’ எண்டு தொடங்கும்.”

எழுதினேன்.

“என்ன கவனக்குறைவு எண்டு சொல்லாமல் கவனக்குறைவு எண்டால் எப்பிடி?” என்றார் பூமணி அம்மாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒருத்தனை வேலையால நிப்பாட்டிறதெண்டால் காரணம் வேணும். உங்கட ரயில்வேயில அப்பிடித்தானே?”

“எண்ணெய் ஒழுகினது காரணம் இல்லையே?”

“அது நடந்தது. காரணத்தைச் சொல்லுங்கோ.”

சிவசம்பு நாகையா பக்கம் திரும்பினார். “வழியில நீர் ஏன் பார்க்கேல்லை?”

“பத்து தீகாகிட்ட நிறுத்திப் பாக்கறேன்னு சொன்னேங்க ஐயா. நீங்கதான் வேணாம்னீங்க.”

“நீர் என்ன சொன்னனீர்? என்னமோ வாசம் வருது எண்டு சொன்னனீர். எண்ணெய் ஒழுகுது எண்டு சொன்னனீரோ?”

அந்த வாசத்தைப் பற்றி அதற்குள் கிள்ளான் முழுவதும் தெரிந்திருந்தது. கிள்ளான் போகும் வழியில் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் காருக்குள் சந்தனம் மணத்ததாம். நாகையா மூக்கைச் சுளித்தான். சிவசம்புவோ கண்ணை மூடிக்கொண்டு, “சரஸ்வதி கடாட்சம். பூசை முடிஞ்சு நாலு நாள் ஆகேல்லை, வண்டியில வந்து இருக்கிறா,” என்று மாப்பிள்ளையிடம் சொன்னாராம். மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார். கால் என்ன ஆகப்போகிறது என்று அவருக்கு அப்போது தெரியாது.

“சரி, பட்டறைக்காரர் சொல்லட்டும்,” என்று சிவசம்பு மடியிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மூக்குக் கண்ணாடியை மாட்டினார். பில்டரோடு சிங்கப்பூரிலிருந்து வந்த குறிப்பு. ஆங்கிலத்தில் முழுவதையும் வாசித்துவிட்டுத் தமிழில் கேட்டார். “பழைய வளையத்தை எடுத்தனீரோ? அதுக்கு மேலயே புதுசை வைச்சு முடுக்கினீரோ?”

“பழசை அன்னிக்கே சுரண்டி எடுத்துட்டேங்க. நம்ம பட்டறை நாய்தான் அதைக் கவ்விக்கிட்டுத் திரியுது. வேணும்னா கூட்டிட்டு வரேன்.”

“கடுமையா முடுக்கினீரோ?”

“ரொம்ப முடுக்கினா வளையம் பிதுங்கிடும். கம்மியா முடுக்கினா ஒழுகும். கையால திருகி, உக்காந்ததும் ஸ்பேனர்ல ஒரு கால் திருப்பு. அவ்ளோதான்லா.”

“மாட்ட முன்னம் வளையத்துக்கு எண்ணெய் தொட்டுத் தடவினீரோ? இடத்தைத் துடைச்சனீரோ?”

“எஞ்சின் பக்கம் கண்ணாடி மாதிரி துடைச்சேங்க ஐயா.”

“மற்றப் பக்கம்?”

பழனியப்பன் நாகையாவைப் பார்த்தார். நாகையா கூரையைப் பார்த்தான்.

“கழட்டிப் பாருங்கோவன்,” என்றார் பூமணி அம்மாள். “மாட்டினது நீங்கள். கழட்டத் தெரியாதே?”

“இங்க எதுக்குங்கம்மா? பட்டறையில வச்சுப் பாத்துக்கலாமே.”

“இல்லை, இஞ்சதான் கழட்டவேணும்,” என்று சிவசம்புவும் எழுந்துவிட்டார். குற்றவாளியின் குற்றம் எல்லார் முன்னிலையிலும் வெளிப்படப்போகிறது என்ற உற்சாகம் அவர் நடையிலேயே தெரிந்தது.

எல்லாரும் கொட்டகைக்குப் போனோம். பழனியப்பன் போல்ட்டைக் கழற்றி, டப்பாவை இரண்டு கைகளாலும் கும்பம் ஏந்துவதுபோல ஏந்தி வந்தார். வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்.

கார்க் வளையத்தின்மேல் காய்ந்து கட்டியாகிப்போன சந்தனம். அதன் நடுவில் எண்ணெயில் கறுத்த குங்குமம். குங்குமத்துக்குப் பக்கத்தில், வளையத்துக்குள் பாதி புதைந்து, ஒரு மஞ்சள் அரிசி.

நாங்கள் அனைவரும் அந்த அரிசியை நன்றாகப் பார்த்தோம். பேசின் மட்டும் சொட்டுச் சொட்டென்று தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“நான் தொடைக்கத்தான் சொன்னேண்ணே,” என்றான் நாகையா மெதுவாக.

“எப்பிடிடா தொடைக்கிறது? சாமிக்கு வச்ச பொட்டு. அதுவும் ஐயா கையால வச்சது,” என்றார் பழனியப்பன்.

பட்டறையில் ஆயுத பூசை நடந்தபோது நானும் போய்ச் சுண்டல் வாங்கித் தின்றவன்தான். ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் எல்லாம் வரிசையாக வைத்து, நடுவில் வாழையிலை விரித்து, அன்று காலைதான் தபாலில் வந்த பில்டரைத் திறந்த பக்கம் மேலே பார்க்க நிறுத்தி வைத்திருந்தார்கள். பெரியவர் என்று முதல் பொட்டு வைக்கச் சிவசம்புவை அழைத்தார்கள். மற்றவற்றுக்கெல்லாம் விரல் நுனியால் வைத்தார். சிங்கப்பூர்ச் சாமானுக்கு மட்டும் கை நிறைய அள்ளிப் பூசினார். பிறகு எல்லாருமாக அரிசி தூவினோம். பூசையில் வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை. அது தானாகத் தேய்ந்து போகவேண்டும். ஸ்பேனரில் இருந்தால் தேய்ந்து போகும். எஞ்சினுக்குள் இருந்தால் எங்கே போகும்?

“நான் அதுதான் முகம் எண்டு நினைச்சன்,” என்றார் சிவசம்பு.

“முகமில்லை, வாய்,” என்றார் பூமணி அம்மாள். “வாயில சந்தனத்தை அப்பினால் ஆர்தான் துப்பாயினம்?”

“அரிசி நான் போடேல்லை. அது எல்லாரும் போட்டது.”

“சந்தனம் இல்லாமல் அரிசி சும்மா ஒட்டுமே?”

சிவசம்பு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பிறகு நாகையாவிடம், “இதை நீர் முன்னமே ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டார்.

“சொன்னா என்னங்க ஐயா செய்வீங்க? சாமிக்கு வச்ச பொட்டைக் குத்தம் சொல்றான்னு நிறுத்துவீங்க. சொல்லலேன்னா எண்ணெயைக் கொட்டினான்னு நிறுத்துறீங்க. ரெண்டும் டெங்கில்தான். அதான் பேசாம இருந்தேன்.”

சிவசம்பு உடனே இறங்கி வருகிற ஆள் இல்லை. முப்பது வருஷம் ரயில்வேயில் விளக்கம் கேட்டே பழகியவர். “இதாலதான் ஒழுகினது எண்டு என்ன நிச்சயம்? திருப்பி மாட்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் கடிதம் இண்டைக்கே போகும்,” என்றார்.

பழனியப்பன் பட்டறைக்கு ஓடி ஒரு புது வளையம் கொண்டுவந்தார். டப்பாவின் வாயை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். துடைக்குமுன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். தேவியிடம் உத்தரவு கேட்டிருப்பார். அரிசியை எடுத்து வாசற்படியில் வைத்தார். ஒரு கோழி வந்து அதைத் தின்றது. எஞ்சின் பக்கமும் துடைத்து, விரலைச் சுற்றிலும் ஓட்டித் தடவிப் பார்த்தார். புது வளையத்தில் சுத்தமான எண்ணெயை ஒரு விரல் தொட்டுத் தடவினார். கையால் திருகினார், உட்கார்ந்தது. ஸ்பேனரை எடுத்துக் கால் திருப்பு.

“எண்ணெய் அளவு பாத்து ஊத்துடா,” என்றார். நாகையா ஊற்றினான்.

“கீழ போட ஒரு வெள்ளைக் காயிதம் வேணுமே. சொட்டு விழுந்தா தெரியணும்.”

என் கையில் இருந்த காகிதம் அந்த வேலை நீக்கக் கடிதம்தான். பழனியப்பன் அதை வாங்கிப் பேசினுக்குப் பதிலாகக் காருக்கடியில் விரித்தார். நாகையா எஞ்சினைக் கிளப்பினான். ஒரு முன்னாள் தலைமைக் கிராணி, அவருடைய மனைவி, ஒரு பட்டறைக்காரர், நான் ஆகிய நால்வரும் தரையில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பங்சார் பக்கம் போன பால்காரர் ஒருவர் நின்று, “என்னா காணாப்போச்சு?” என்று கேட்டார்.

ஒரு சொட்டு விழுந்தது. என் கையெழுத்தில் ‘கவனக்குறைவினால்’ என்று இருந்த இடத்திலேயே விழுந்தது.

“பாரும்,” என்றார் சிவசம்பு. ஆனால் குரலில் உற்சாகம் இல்லை.

நாகையா இருக்கையிலிருந்து இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்தான்.

பழனியப்பன் மல்லாந்து படுத்துக் காருக்கடியில் புகுந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது. “பில்டர் காஞ்சு கெடக்கு ஐயா. இது பழைய எண்ணெய். சட்டத்துல தேங்கினது இப்ப இறங்குது. துணியக் குடுங்க.”

பூமணி அம்மாள் தோளில் கிடந்த துண்டையே கொடுத்தார். துடைத்தார்கள். காகிதத்தைத் திருப்பி வெற்றுப் பக்கம் மேலே வரும்படி போட்டார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சிவசம்பு நாகையாவைக் கூப்பிட்டு வேகமாகவும் ஓடவிடச் சொன்னார். ஓடவிட்டான். கொட்டகை முழுவதும் புகை. காகிதம் வெள்ளையாகவே கிடந்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் சந்தனம் மணக்கவில்லை. வெறும் எண்ணெய் நாற்றம்தான் வந்தது. எனக்கென்னவோ அது மேலாகத் தோன்றியது.

திரும்ப அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தோம். நாகையா மட்டும் முன்போலவே நின்றான்.

“தம்பி, நீரும் இரும்,” என்றார் பூமணி அம்மாள். அவன் பெஞ்சின் மறு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

“வேலையில இரும்,” என்றார் சிவசம்பு, சுவரைப் பார்த்தபடி.

“அது போதாதுங்க ஐயா,” என்றான் நாகையா. “கிள்ளான்ல எல்லாரும் டிரைவர்தான் கொட்டினான்னு பேசுறாங்க. பாசார்ல நிக்க முடியலை. ‘கால் கழுவுற கார் வந்திடுச்சு’ங்கறானுங்க. நான் ஓட்டினா யாரு ஏறுவா? நீங்களே சீவரத்தினம் ஐயாவுக்கு எழுதணும்.”

சிவசம்பு பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சரி, எழுதும், கிராணியார். ‘சிங்கப்பூரிலிருந்து வந்த சாமான் தரமற்றதாக இருந்தபடியால்’...”

“சிங்கப்பூர்க்காரனே பொட்டு வைச்சவன்?” என்றார் பூமணி அம்மாள்.

நான் பேனாவை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நிப்பில் மை காய்ந்தது. மறுபடியும் தொட்டேன்.

ஒருவாறாகச் சொல்லி முடித்தார். எழுதியது இதுதான்: ‘மேற்படி எண்ணெய் ஒழுகியமைக்குக் காரணம், சரஸ்வதி பூசையன்று அடியேன் பக்தி மேலீட்டினால் பில்டரின் வாயில் சந்தனம் சாத்தியமையே. டிரைவர் நாகையா மீது யாதொரு குற்றமும் இல்லை. அவர் இனியும் என் காரையே ஓட்டுவார். தங்கள் குமாரரின் பாதங்கள் சுகமா என்பதை அறிய ஆவல்.’

இதைவிடப் பெருமையாகத் தம் பிழையை ஒப்புக்கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை. கிள்ளானில் இதை வாசிக்கிறவர்கள் இப்படியும் ஒரு பக்தரா என்றுதான் வியப்பார்கள். அவரும் அதை உணர்ந்திருக்கவேண்டும். ‘பக்தி மேலீட்டினால்’ என்பதற்கு முன் ‘அளவற்ற’ என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

நாகையா, தன் பெயர் வரும் இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். இன்னொரு தடவை என்றான். அதையும் வாசித்தேன்.

கடிதத்தை மூன்றாக மடித்து உறையிலிட்டு ஒட்டினேன். பழனியப்பன் அரக்கை உருக்கிச் சொட்டவிட்டார். சிவசம்பு தம் மோதிரத்தை அதில் அழுத்தினார். தபால் பை கட்டுவதற்குள் போய்விடவேண்டும் என்று நாகையா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டான். தபாலாபீஸ் தெருக்கோடியில்தான் இருந்தது, நடந்தே போகலாம். அவன் காரில் போனான்.