ஜீப்பின் தலையில் நாலு விளக்கு

பழைய ஜீப்புக்கு எதற்கு இத்தனை சிங்காரம் என்று கேட்காத ஆள் விருதுநகர் மதுரை ரோட்டில் இல்லை. டீக்கடைக்காரன் கேட்டான், பஞ்சர் ஒட்டுகிறவன் கேட்டான், போகிற போக்கில் ஒருத்தன் சைக்கிளை நிறுத்திக் கேட்டான். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். உன் சோலியைப் பார்த்துக்கொண்டு போ. என் பெயர் ஊர்க்காவலன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதைச் சொல்லி என்னைத் திருத்தப் பார்த்தவர்கள் எல்லோரும் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

அது நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் ஓடிய வண்டி. சிவகாசிக்கு மேற்கே பொட்டல் காட்டில் ஷெட்டு ஷெட்டாகக் கிடக்கும் கம்பெனி. நான் அங்கே போர்மேன். ஜீப் கேட்டுக்கு வெளியேதான் நிற்கும், வெடிமருந்து இருக்கிற பக்கம் எந்த வண்டியும் போகக் கூடாது. ஆனாலும் காற்றில் வந்த பொடியும், ஏறி இறங்கிய ஆட்களின் சட்டையில் ஒட்டி வந்த பொடியும் சேர்ந்து தகரத்தைத் தின்றுவிட்டன. மட்கார்டு அப்பளம் மாதிரி கையோடு வந்தது. கம்பெனி அதைக் காயலான் கடைக்குத் தள்ளப் பார்த்தபோதுதான், தீபாவளி சீசன் முடிந்த கையோடு, நான் வேலையை விட்டேன். விடும்போது அந்த வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வேலையை விட்டது என் மகள் பொன்மணிக்காக. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை கிடையாது.

என் சம்சாரம் சோலையம்மாள் இன்னொரு கம்பெனியில் வெடிக்குத் திரி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த ஷெட்டு போய்விட்டது. அவளும் போய்விட்டாள். பொன்மணிக்கு அப்போதுதான் வெம்பக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் கல்யாணம் முடித்துக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை கதிரவன் ரேஷன் கடையில் இருக்கிறார், தங்கமான மனிதர். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கை நனைத்துவிட்டுப் போன பிறகு, பொன்மணி என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, இனிமே அந்த கேட்டுக்குள்ள போகாதீக."

"வேற எங்கன போறது? எனக்கு வேற என்ன தெரியும்?"

"என்னமும் செய்ங்க. மாடு மேய்ங்க. அம்மாவ மாதிரி உங்களையும் துணியில கட்டிக் கொண்டாந்தா என்னால தாங்க முடியாதுப்பா. நீங்க அந்த கேட்ட விடுற வரைக்கும் என் வீட்டு வாசல மிதிக்காதீக."

பெற்ற மகள் அப்பனுக்குக் கட்டளை போடுவதா? எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "போடி, உன் வாசல மிதிக்காட்டி எனக்குச் சோறு எறங்காதாக்கும்" என்று விட்டேன். அவளும் எனக்குப் பிறந்தவள்தானே, திரும்பிப் பார்க்காமல் போனாள். அதோடு பேச்சு நின்றது. பேத்தி பிறந்த சேதியைக்கூட மாப்பிள்ளைதான் செல்போனில் சொன்னார். ஓவியா என்று பெயர் வைத்தார்களாம்.

சோறு இறங்கத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒற்றை ஆளுக்குச் சோறு வடிப்பது இருக்கிறதே, அந்தக் கொடுமை எதிரிக்கும் வேண்டாம். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சும். அரசாங்கம் கொடுத்த கலர் டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணோடு நான் வாதம் பண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டி, விருந்தாளி வந்திருக்காகளா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். வேறு என்ன செய்ய?

கடைசியில் வீம்பும் அலுத்துப்போனது. வேலையை விட்டேன். ஆனால் வெறும் கையை வீசிக்கொண்டு போய், "விட்டுட்டேன் தாயி, கஞ்சி ஊத்து" என்று மகள் வாசலில் நிற்க முடியுமா? நான் என்ன அனாதையா? வேறொரு தொழிலோடு போய் நிமிர்ந்து நிற்க வேண்டும். சதுரகிரி மலைக்குப் போகிற சனம் அமாவாசைக்கு அமாவாசை தாணிப்பாறை அடிவாரத்தில் குவிகிறது. கல்லும் பள்ளமுமாகப் பாதை, விடியுமுன் இருட்டில் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஜீப்புதான் தோது. வண்டியைச் சரி பண்ணி, அதை ஓட்டிக்கொண்டு போய் மகள் வீட்டு முன்னால் நிறுத்துவது என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

விருதுநகரில் சாபிர் கடையில் கொண்டுபோய் விட்டேன். டிங்கரிங், வயரிங் இரண்டையும் அவனே பார்ப்பான். கெட்டிக்காரன், ஆனால் வாய் ஓயாது. கம்பெனி வண்டி என்று சொன்னதும் வெல்டிங் சாமான்களை எல்லாம் தூரக் கொண்டுபோய் வைத்துவிட்டான்.

"மொதல்ல குளிப்பாட்டணும்ணே. பொடி எந்த இடுக்குல கெடக்கோ. தெரியாம நெருப்பு வச்சா, நானும் உங்க வண்டியும் சேந்துதான் மலையேறுவோம்."

எங்கள் பக்கத்து டிங்கர்கள் எல்லோரும் இப்படித்தான். பட்டாசுக் கம்பெனியில் ஓடிய வண்டி என்றால் தண்ணீரைப் பீய்ச்சி, காயவிட்டு, மறுபடியும் பீய்ச்சிய பிறகுதான் நெருப்பைக் கிட்டே கொண்டுவருவார்கள். தரைத் தகரத்தைக் கழற்றியபோது அடியில் இருந்து, வெடிக்குப் போடுகிற வெள்ளிப் பொடி சாம்பல் நிறச் சேறாக வழிந்தது. சாபிர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "இது மேலதான் இம்புட்டு நாளும் கால நீட்டி உக்காந்து போனீகளா?" என்றான். நான் ஒரு பீடியைப் பற்றவைக்கப் போனேன். அதையும் பிடுங்கி எறிந்தான்.

மதுரைக்குப் போய்ப் பழைய சாமான் கடைகளை அலசி மட்கார்டும் பானெட்டும் கொண்டுவந்தேன். பானெட் வேறு ஏதோ ஜீப்பினுடையது, ஓட்டைக்கு ஓட்டை பொருந்தவில்லை. சாபிர் பழைய துளைகளை அடைத்துப் புதிதாகத் துளை போட்டான். பம்பரை நிமிர்த்தினான். ஓரங்களைத் தட்டித் தட்டி மடக்கினான். அவன் தட்டுகிற சத்தத்தில் ஒரு மாதிரி நிம்மதி இருந்தது. வீட்டில் இருப்பதைவிட அது தேவலை என்று தினமும் பஸ் ஏறி வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்வேன். சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சக்கரம் கழற்றிய ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்து பிரிப்பேன்.

"ஜீப்புக்கு எதுக்குண்ணே தகரக் கதவு? மூணு பக்கமும் படுதா போட்டா போதாதா?"

"பச்சப்புள்ள உக்காரும்லே. விளுந்துச்சுன்னா?"

"எந்தப் பச்சப்புள்ள?"

"என் பேத்திடா. வேற யாரு?"

அவன் தட்டுவதை நிறுத்தினான். "மகளுக்குச் சொல்லிட்டீகளா, வேலைய விட்டத?"

"வண்டி முடியட்டும்."

"வண்டி என்னண்ணே வண்டி, இன்னைக்கு முடியும் நாளைக்கு முடியும். நீங்க ஒரு போன் அடிச்சா அந்தப் புள்ள நிம்மதியாத் தூங்கும்லா?"

"ஏலே, உன் வேலை ஸ்குரூ முடுக்குறது. அத முடுக்கு."

முடுக்கினான். பொங்கலுக்கு முன்னால் ஒரு தடவை கேட்டான், பொங்கல் கழித்தும் கேட்டான். இரண்டு தடவையும் எரிந்து விழுந்தேன். போனில் சொன்னால் அது வெறும் பேச்சு. கண்ணால் பார்க்க வேண்டும் அவள். வாசலுக்கு வந்து, யாரு வண்டிப்பா இது என்று கேட்க வேண்டும். நம்ம வண்டிதான் என்று நான் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனை மாதம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம் என்று இருந்தது எனக்கு.

கடைசியாக லைட். முன் கண்ணாடிக்கு மேலே குறுக்கே ஒரு பைப்பு அடித்து, அதில் வட்டம் வட்டமாக ஹாலஜன் விளக்குகள். சாபிர் இரண்டு போதும் என்றான். மலைப் பாதைக்கு நாலு வேண்டும் என்றேன். பேட்டரி தாங்காது என்றான். பெரிய பேட்டரி வை என்றேன். தலையில் அடித்துக்கொண்டு, தடித்த வயர் இழுத்து, ரிலே வைத்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நாலுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச் வைத்துக் கொடுத்தான். கடைக்குள் போட்டுப் பார்த்தபோது எதிர்ச் சுவர் பட்டப்பகலாக ஆனது. "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போறீகளாண்ணே?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். நான் சிரித்து அவன் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாசி சிவராத்திரிக்குச் சில நாள் இருக்கும்போது வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். புதுப் பச்சைப் பெயின்ட், தகரக் கதவு, எவனும் திரும்பிப் பார்க்காமல் போக முடியாது. சிவகாசியில் பேத்திக்குச் சேவும் மிட்டாயும் வாங்கிக்கொண்டேன். வெம்பக்கோட்டை தாண்டிக் கரிசல் காட்டுப் பாதையில் இறங்கும்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. அந்த வருஷம் கரண்ட் எப்போது இருக்கும், எப்போது போகும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஊர் முழுக்க இருட்டாகக் கிடந்தது. ஊருக்கு மேற்கே கண்மாய்க் கரை, கரைக்கு அந்தப் பக்கம் தூரத்தில் கம்பெனிகள். நான் கரை மேல் ஏற்றி நிறுத்தினேன். கீழே நேர் எதிரே பொன்மணியின் வீடு. வாசலில் ஒரு சிம்னி விளக்கு மினுங்கியது.

இப்படியே இறங்கிப் போனால் யாருக்கு வண்டி தெரியும்? சுவிட்சைப் போட்டேன்.

நாலு விளக்கும் ஒரே வீச்சில் எரிந்தன. ஊர்ச் சுவரெல்லாம் வெள்ளை வெளேர் என்று ஆனது. நான் வந்த வேகத்தில் கிளம்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை, அது வெளிச்சத்தில் கரைக்கு மேலே வெள்ளைப் புகையாகப் பொங்கி நின்றது.

எங்கள் பக்கத்தில் ஒரு கம்பெனி வெடித்தால் வெளிச்சம் முதலில் வரும், சத்தம் பின்னால்தான் வரும். சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். தெருவில் இருந்த சனம் அப்படியே நின்று சத்தத்துக்காகக் காத்திருந்தது. பெண்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். எனக்கு அப்போதும் மண்டையில் உறைக்கவில்லை. ஆயுசெல்லாம் மருந்துக்கு நடுவில் கிடந்த மனுஷன் நான், என் வண்டியைப் பார்த்துத்தான் அசந்து நிற்கிறார்கள் என்று கையை வேறு ஆட்டினேன்.

சத்தம் வரவில்லை. "எந்தக் கம்பெனி? ஏய், எந்தக் கம்பெனி?" என்று ஒரு பெண் அலறினாள். அவ்வளவுதான், ஊரே கரையைப் பார்த்து ஓடி வந்தது. எல்லோருக்கும் முன்னால், காலில் செருப்பில்லாமல், கை நிறைய மாவோடு ஓடி வந்தவள் பொன்மணி.

"அப்பா! அப்பா! அய்யோ, எங்கப்பா!"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. எத்தனை காலம் கழித்து அந்த வாயில் அப்பா என்று ஒரு வார்த்தை. அப்புறம்தான் அவள் எதற்கு அழுகிறாள் என்பது விளங்கியது. வண்டியில் இருந்து குதித்து விளக்குக்கு முன்னால் வந்து நின்றேன். "பொன்மணி, நான்தாம்மா. ஒண்ணுமில்ல. இங்கன பாரு, நான்தான்."

அவள் என் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தைத் தடவினாள், சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள். மாவெல்லாம் என் மேல் அப்பியது. பின்னால் வந்தவர்கள் மூச்சு வாங்க நின்று ஜீப்பைப் பார்த்தார்கள். "கெளவனுக்குக் கொளுப்பப் பாரு, ஈரக்கொலையே அந்துபோச்சு" என்று ஒருத்தி ஏசினாள். ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள்.

"என்னப்பா இது?" என்றாள் பொன்மணி.

"லைட்டும்மா. ஜீப்பு. நம்ம வண்டிதான். வேலைய விட்டுட்டேன் தாயி. இனிமே அந்த கேட்டுப் பக்கமே போகமாட்டேன்."

அவள் முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எப்ப விட்டீக?"

"தீபாவளியோட."

"தீபாவளியோடயா?" என் கையை விட்டுவிட்டாள். "தை மாசம் மேக்க ஒரு கம்பெனி வெடிச்சுதே, தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"எந்தக் கம்பெனின்னு இங்கன யாருக்கும் தெரியல. வெளிச்சம் மட்டுந்தான் தெரிஞ்சுது. உங்க மாப்பிள்ள உங்களுக்குப் போன் அடிச்சுப் பாத்தாரு, லைனே கெடைக்கல. புள்ளய அவர்ட்ட குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். வரிசையாப் போட்டிருந்தாக. ஒவ்வொரு துணியா நானே தூக்கிப் பாத்தேன்பா. மொகம் பாத்துச் சொல்ற மாதிரியா இருந்துச்சு? கால் வெரலப் பாத்து, கால் வெரலப் பாத்து, நீங்க இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டேன். இன்னைக்குத் தப்பிச்சிட்டாக, நாளைக்கும் அங்கனதான போவாகன்னு அளுதுக்கிட்டே வந்தேன்."

நான் சட்டையில் அப்பியிருந்த மாவைத் தட்டினேன்.

"ஒரு போன் அடிச்சிருக்கலாம்லப்பா."

"வண்டி முடியட்டும்னு... முடிச்சுக் கொண்டாந்து காட்டலாம்னு..."

அப்போதுதான் அவள் வண்டியைப் பார்த்தாள். கண் கூசாமல் இருக்க ஒரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, பானெட்டை, கதவை, மேலே எரிந்த விளக்குகளை, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்தாள்.

"நல்லா இருக்குப்பா வண்டி" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். திரும்பி, கரையில் இருந்து இறங்கி நடந்தாள். நான் கூப்பிட்டேன், காதில் விழுந்ததோ என்னவோ. நாலு விளக்கும் ஒரு குறையும் இல்லாமல் எரிந்தன. அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியது வரைக்கும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.